தாழ்வு மனப்பான்மை யாருடைய நோய்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரியில படிக்கிறப்ப ஒரு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு: 'உனக்குத் தாழ்வு மனப்பான்மை தம்பி, அதை விட்டுடு.' சேரியிலிருந்து வந்தவன் வகுப்பில் வாய் திறக்காததற்கு அவர் கண்ட காரணம் அது. இந்தச் சொல் எங்கிருந்து வந்ததுன்னு தேடித்தான் நான் உளவியலுக்குள்ள போனேன்.

வியன்னாவில் ஃப்ராய்ட், அமுக்கப்பட்ட ஆசைகள் நனவிலியில் கிடந்து கனவாகவும் நோயாகவும் வெளிவருது என்றார். இது உளப்பகுப்பாய்வு. 1911இல் அவரைவிட்டுப் பிரிந்த ஆட்லர்தான் தாழ்வுணர்ச்சியை மையமாக்கினார். பெரியவர்களுக்கு நடுவே சிறுசாக இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் அது உண்டு, அதைத் தாண்டி வர்றதே வளர்ச்சின்னாரு. 1913இல் அமெரிக்காவில் வாட்சன், மனசை விடுங்க, நடத்தையைப் பாருங்க, சூழல்தான் மனுசனைப் பழக்குது என்றார். இது நடத்தைவாதம். பிறகு வந்த மாஸ்லோவும் ரோஜர்ஸும் மனிதனுக்குள் வளரும் ஆற்றலைப் பேசினார்கள். இது மனிதநேய உளவியல்.

எல்லாமே நமக்கு உதவும். ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. தாழ்த்தி வைப்பதையே ஒழுங்காகக் கொண்ட சமூகத்தில் வளர்கிற குழந்தை என்னாகும்?

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர்கள் நிறம் மட்டுமே வேறான பொம்மைகளைக் கறுப்புக் குழந்தைகள் முன்னால வச்சாங்க. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லதுன்னு காட்டின. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது.

மார்த்தினிக்கில் பிறந்த மனநல மருத்துவர் ஃபனான் 1952இல் வந்த தன் நூலில், கறுப்பருடைய தாழ்வுணர்ச்சி சுரண்டலில் தொடங்கித் தோலுக்குள் இறங்கியது என்றார். அல்ஜீரியாவில் பிளிதா மருத்துவமனையில் வேலை பார்த்தவர், 1956இல் ராஜினாமா செய்தார். சொந்த மண்ணிலேயே அன்னியனாக்கப்பட்டவனை வைத்தியத்தால் மட்டும் அந்தச் சூழலோடு பொருத்திவிட முடியாது என்பது அவர் வாதம்.

என் பேராசிரியர் சொன்னது முழுப் பொய்யில்லை. பயம் எனக்குள்ள இருந்தது. ஆனா அதை உள்ளே வச்சது யாருன்னு அவர் கேட்கல.

உங்க விடுதியில பேசாம உட்கார்ந்திருக்கிற தம்பியிடம், தங்கச்சியிடம், 'உனக்கு என்ன கோளாறு'ன்னு கேட்காதீங்க. 'உன்னை யார் என்ன சொன்னாங்க'ன்னு கேளுங்க. மருத்துவரிடம் போகணும்னா கூடவே போங்க. சொன்னவங்களிடம் நியாயம் கேட்கவும் கூடவே போங்க.