எஞ்சினுக்கு எந்த எண்ணெய்?

மாட்டுவண்டிக் காலத்தில் வைக்கோற் கரியையும் ஆமணக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை செய்தனர். அச்சும் சக்கரமும் ஒன்றையொன்று தேய்க்காமற் காத்தது அந்த மையே. மோட்டார் வண்டி வந்தபின் இத்தேவை ஒழியவில்லை, பன்மடங்கு பெருகிற்று. முதலாம் உலகப் போரிற் பறந்த வானூர்திகள் பலவற்றின் எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெயே வார்க்கப்பட்டது. 'காஸ்ற்றோல்' என்னும் பெயரும் அவ்வெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே.

இன்று காருக்கு எண்ணெய் மாற்றப் போகின்றவர் முன் கடைக்காரர் இரண்டு கலன்களை வைக்கிறார். ஒன்று சாதாரண எண்ணெய். மற்றது சிந்தெற்றிக் எனப்படும் தொகுப்பு எண்ணெய். பின்னதன் விலை மிக அதிகம். அவ்விலையைக் கொடுப்பது அறிவுடைமையா, வீண் செலவா? வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு இது சிறு வினாவன்று. எஞ்சின் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

எஞ்சினுள் எண்ணெய் செய்யும் தொழில்கள் மூன்று. உலோகங்களுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று தேய்வைத் தடுக்கிறது; வெப்பத்தை ஏந்திச் செல்கிறது; கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கி எஞ்சினைத் துப்புரவாக்குகிறது. எனவே எண்ணெய் கறுத்துவிட்டது என்பதனால் மட்டும் அது கெட்டுவிட்டது என்று கொள்ளலாகாது. அழுக்கைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள்.

சாதாரண எண்ணெய், நிலத்தடியிலிருந்து எடுக்கும் மசகெண்ணெயைச் சுத்திகரித்துப் பெறப்படுவது. அதன் மூலக்கூறுகள் பல வடிவின. சிறியனவும் பெரியனவும் விரவிக் கிடக்கும். சிறியன சூட்டில் ஆவியாகும். உறுதியற்றன ஒட்சிசனுடன் கூடிப் பிசினாகும். தொகுப்பு எண்ணெயிலோ மூலக்கூறுகள் இரசாயன முறையால் ஏறக்குறைய ஒரே சீராக ஆக்கப்படுகின்றன. ஆகவே அது கடுங்குளிரில் இறுகாது; கடுஞ்சூட்டிலும் எளிதிற் சிதையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜேர்மனியில் இத்துறை ஆராய்ச்சி வளர்ந்தது. 'மொபில் 1' என்னும் தொகுப்பு எண்ணெய் 1974ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2017இல் அமெரிக்க ஒட்டோமொபைல் சங்கம் நடத்திய சோதனைகளில், தொகுப்பு எண்ணெய்கள் சாதாரண எண்ணெய்களை விடச் சராசரியாக ஏறக்குறைய 50 சதவீதம் மேம்பட்டு விளங்கின.

அவ்வாறாயின் எல்லோரும் விலை கூடியதையே வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. கலனின் மேல் '10டபிள்யூ-30' என்றாற்போல எழுதியிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதன் முன்னுள்ள எண் சிறிதாயின், அவ்வெண்ணெய் குளிரில் எளிதாக ஓடும். பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறிய நிலையில் எண்ணெயின் தடிப்பைக் காட்டும். 0டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 35 பாகையிற் சோதிக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அக்குளிர் கனவிலும் வாராது. எப்போதாவது உறைபனி படியும் நுவரெலியாவிலும் வாராது. இந்நாட்டில் தொகுப்பு எண்ணெய் தரும் பயன் வேறு. கொழும்பு நெரிசலில் மணிக்கணக்காக நின்று நகரும் காருக்கும், ஆட்களை ஏற்றி மலைப்பாதையில் ஏறும் வானுக்கும், 'ரேர்போ' பொருத்திய எஞ்சினுக்கும் அது சூட்டைத் தாங்கும் துணையாகும்.

யப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயே விதிக்கப்பட்டுள்ளது. அத்தகைய எண்ணெய் பெரும்பாலும் தொகுப்பு வகையினது. அங்கே தெரிவுக்கு இடமில்லை; கைந்நூல் சொல்வதே சட்டம். மாறாக, பழைய மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்கும் தக்க தடிப்புள்ள சாதாரண எண்ணெய் போதும். எண்ணெயை எரித்துத் தள்ளும் தேய்ந்த எஞ்சினில் விலையுயர்ந்த எண்ணெயை வார்ப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதற்கு ஒப்பாகும்.

பெயரைக் கண்டும் மயங்கலாகாது. மசகெண்ணெயையே ஐதரசனால் கடுமையாகப் பதப்படுத்திப் பெறும் எண்ணெயையும் 'சிந்தெற்றிக்' என்று விற்கப் பல நாடுகளில் இடமுண்டு. அமெரிக்காவில் இதுபற்றி எழுந்த விளம்பரத் தகராறு 1999இல் அவ்வழக்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. அத்தகைய எண்ணெய் தரத்திற் குறைந்ததன்று. ஆயினும் பெயரை விட, கலனிற் குறித்த தர எழுத்துக்களும் தடிப்பெண்ணுமே நம்பத்தக்கவை.

வாரம் ஒருமுறை கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் காரை எடுப்பவர், ஓட்டம் குறைவென்று எண்ணெய் மாற்றாது விடுவதுண்டு. குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் நன்கு சூடேறாது. நீரும் பெற்றோலும் எண்ணெயிற் சேரும். எனவே மைல் கணக்கு நிறைவேறாவிடினும், கைந்நூல் கூறும் மாதக் கணக்கில் மாற்றவேண்டும். காலந்தவறாமல் மாற்றிய சாதாரண எண்ணெய், மாற்ற மறந்த தொகுப்பு எண்ணெயிலும் மேலானது.

நேயர்களே, கழித்த எண்ணெயையும் மறந்துவிடலாகாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது வெடிப்புகளின் வழியே கிணற்றை அடையும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்ததை நாடறியும். எனவே பழைய எண்ணெயை மூடிய கலனில் இட்டு, அதனைச் சேகரிக்கும் நிலையத்திடம் ஒப்படைத்தலே கடன். எஞ்சினைக் காக்கும் எண்ணெய் அயலவரின் குடிநீரைக் கெடுத்தல் தகாது.