பண்டிகை விடுமுறையும் பிஞ்சு விரல்களும்

(குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)

பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் எலும்பு இல்லை. எட்டுச் சிறு குருத்தெலும்புகளே உள்ளன. அவற்றுள் இரண்டு, முதற் சில மாதங்களிலேயே எலும்பாக மாறத் தொடங்குகின்றன. ஏனையவை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக மாறுகின்றன. ஆறு வயதிலும் இப்பணி முற்றுப்பெறுவதில்லை. இவ்வாறு உருவாகிக்கொண்டிருக்கும் கையில் மூன்று வயதிலேயே பென்சிலைத் திணித்து, கோடிட்ட ஏட்டில் எழுத்துகளை நிரப்பச் செய்வது நாட்டின் பல பகுதிகளிலும் வழக்கமாகிவிட்டது. எழுதிய ஏடே கல்விக்குச் சான்று எனப் பெற்றோர் எண்ணுகின்றனர். அங்கன்வாடியில் பிள்ளை விளையாடிவிட்டு மட்டுமே வருவதாகக் குறைப்பட்டு, கட்டணம் கட்டித் தனியார் மழலையர் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களும் உண்டு.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றபோதே, அதன் ஆறு பணிகளுள் ஒன்றாக 3 முதல் 6 வயதுவரையுள்ள குழந்தைகளின் முன்பருவக் கல்வி இடம்பெற்றது. அங்கன்வாடிகள் பெருகிய அளவுக்கு அந்த ஒரு பணி வளரவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. எடை பார்த்தல், உணவு வழங்கல், பதிவேடு நிரப்பல் இவற்றுக்கிடையே எஞ்சும் நேரமே அதற்குரியதாயிற்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயதுவரையான காலத்தை ஒரே அடித்தள நிலையாகக் கொண்டு, விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்தியது. கொள்கை மாறிய வேகத்தில் ஊராரின் எதிர்பார்ப்பு மாறிவிடவில்லை.

இந்நிலையில் பண்டிகை விடுமுறை நல்லதொரு வாய்ப்பு எனலாம். அந்நாட்களில் வீட்டில் பாட்டியும் அக்காளும் கைவேலையில் ஈடுபட்டிருப்பர். அருகில் அமரும் குழந்தைக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும்.

தீபாவளி அகலையே எடுத்துக்கொள்வோம். பிசைந்த களிமண்ணை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுகையில் இரு கைகளும் ஒத்து இயங்கப் பழகுகின்றன. உருண்டையின் நடுவே கட்டைவிரலை அழுத்திக் குழி செய்கையில் அவ்விரலின் அடித்தசை வலுப்பெறுகிறது. குழியின் விளிம்பைச் சுட்டுவிரலாலும் கட்டைவிரலாலும் கிள்ளி மூக்கு வைக்கும்போது, பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கவேண்டிய பிடி தானே அமைகிறது. பஞ்சைப் பிரித்துத் திரி உருட்டுவதோ இன்னும் நுட்பமான வேலை. அழுத்தம் கூடினால் திரி அறும், குறைந்தால் பிரியும். எவ்வளவு அழுத்துவது என்பதை விரல் தானே கற்றுக்கொள்கிறது. வாய்ச்சொல்லால் அதைக் கற்பிக்க இயலாது. விளக்கேற்றுவது மட்டும் பெரியவர் வேலை.

கோலப்பொடியை இரு விரல்களுக்கிடையே சீராக நழுவவிடுதலும் இத்தகையதே. மூன்று வயதுக் குழந்தைக்குப் புள்ளி வைப்பதே போதிய பயிற்சி. ஐந்து வயதில் புள்ளிகளை இணைக்கட்டும். ஓணப் பூக்களத்துக்கு இதழ்களை உதிர்க்கலாம். தசராவின்போது சாமந்தியைப் பெரிய துளையுள்ள மழுங்கிய ஊசியில் கோக்கலாம். ரக்‌ஷாபந்தனுக்கு நூல் முறுக்கலாம். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் காகிதம் மடிக்கலாம். சங்கராந்திப் பட்டத்துக்கு வால் ஒட்டுவது வரை சரி. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் இருக்கும் பக்கமே குழந்தையை விடலாகாது. மணி கோப்பதில் குன்றிமணியை அறவே விலக்கவேண்டும். கண்ணுக்கு அழகான அவ்விதை கொடிய நஞ்சுடையது. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கையர் உள்ள வீட்டில் சிறு மணி, புளியங்கொட்டை எதுவும் கைக்கெட்டும்படி இருத்தல் கூடாது. அவை தொண்டையில் அடைத்துவிடும்.

இவற்றுக்கு விலை உயர்ந்த கருவிப்பெட்டி தேவையா என்ற வினாவுக்கு விடை முன்பே கிடைத்துவிட்டது. 1920இல் பாவநகரில் பாலமந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், பின்னர் மகாராஷ்டிரக் கடலோரத்துப் போர்டியிலும் அடுத்துக் கோஸ்பாடிலும் பழங்குடிச் சிறுவர்க்குக் கல்வி அளிக்கையில், மாண்டிசோரி கருவிகளுக்கு ஈடாகக் கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை ஆகியவற்றையே பயன்படுத்தினார். செலவு சுருங்கியது, பயன் சுருங்கவில்லை.

கவனிக்கவேண்டிய இடர் வேறொன்று. கைவினைப் பொருள் பார்வைக்கு வைக்கப்படும் என்றவுடன், பணியாளரே கோணலைத் திருத்தி வண்ணம் தீட்டிவிடுகிறார். மேற்பார்வையாளர் காண்பது பெரியவரின் கைத்திறனை. குழந்தையின் விரல் அன்று வேலை செய்யவேயில்லை. பொருளை முன்மாதிரிபோல் செய்யச் சொல்லி வற்புறுத்துவதும் இதனுள் அடங்கும். எனவே ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்ப்பதைவிட, பத்து நிமிடம் அமர்ந்து குழந்தை பொத்தான் போடுவதையும், காகிதம் கிழிப்பதையும், சோற்றைச் சிந்தாமல் எடுப்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்வது மேல். எழுத்து ஏடு கேட்கும் தாய்க்கும் இதைக் காட்டலாம். தீபாவளிக்கு முந்தைய தாய்மார் கூட்டத்தில் ஒரு கூடைக் களிமண்ணும் சிறிது பஞ்சும் வைத்தால் போதும். திரி உருட்டுவது அவர்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டிய கலை அன்று. மகனையோ மகளையோ பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அவசரப்படாமல் உருட்டவேண்டும் என்பது மட்டுமே அங்குச் சொல்லவேண்டிய செய்தி.