ஐந்து பெரிதா, மூன்று பெரிதா?

(பெண்ணாடம் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



முன்னாள் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து பள்ளிக்குக் கணினி வாங்கித் தருவது நல்ல வழக்கம். ஆனால் எந்தக் கணினி என்ற பேச்சு பள்ளி மேலாண்மைக் குழுவில் வந்தால் எல்லோரும் நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கடைக்காரர் இரண்டு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, புதுப்பித்த பழைய கணினி. அதில் இருப்பது இன்டெல் கோர் ஐ5-2400 செயலி. மற்றது புதிது, கோர் ஐ3-12100. "சார், ஐந்துதானே பெரிசு? விலையும் குறைச்சல்" என்பார் ஒரு பெற்றோர். தீர்மானம் எழுதிவிடுவோம்.

கையெழுத்துப் போடுமுன் சற்றுப் பொறுங்கள்.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரு தலைமுறைக்குள் உள்ள படிநிலைகள். ஏழாம் வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவியையும் பத்தாம் வகுப்பில் மூன்றாமிடம் பெற்ற மாணவியையும் தரவரிசை எண்ணை மட்டும் வைத்து யாராவது ஒப்பிடுவோமா? சிறுகோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. நடுவே 11 ஆண்டுகள்.

அடுத்து கிகாஹெர்ட்ஸ் கணக்கு. பழையதன் அடிப்படை வேகம் 3.1, புதியதன் வேகம் 3.3. கருக்கள் இரண்டிலும் நான்கு நான்குதான். இதை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். நம் ஊர்ப் பக்கம் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு நாளில் எத்தனை நடை போனது என்று மட்டும் எண்ணினால் எவ்வளவு கரும்பு போய்ச் சேர்ந்தது என்று தெரியாது; நடைக்கு எத்தனை டன் என்றும் கேட்க வேண்டும். கிகாஹெர்ட்ஸ் என்பது நடைகளின் எண்ணிக்கை. ஒரு நடையில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது செயலியின் உள் அமைப்பைப் பொறுத்தது.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. பென்டியம் 4 செயலியை இன்டெல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனது. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை 2004-இல் கைவிட்டது, சூடு அவ்வளவு. 2006-இல் வந்த கோர் 2 டுயோவின் ஒரு வகை வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடி, அந்த 3.8-ஐப் பின்னுக்குத் தள்ளியது.

நம் இரண்டு செயலிகளுக்கு வருவோம். பழையது ஒரே நேரத்தில் 4 இழைகளைக் கையாளும், புதியது 8. உள்ளேயே இருக்கும் இடைநினைவகம் பழையதில் 6 எம்.பி., புதியதில் 12 எம்.பி. பழையது டிடிஆர்3 நினைவகத்தோடு நின்றுவிட்டது. பெயரில் சிறியதாக இருக்கும் ஐ3 எளிதாக முந்திவிடும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்; மாணவர்களை விட்டே அளக்கச் சொல்லுங்கள். ஒரே காணொலியை இரண்டு கணினியிலும் வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்லி நிறுத்துக்கடிகாரம் பிடிக்கலாம். இயங்குதளம், நினைவக அளவு, வட்டு வகை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று முறை செய்து நடு மதிப்பை எடுக்க வேண்டும். அறிவியல் பாடத்தில் மாறிகள் என்று நாம் கரும்பலகையில் எழுதுவது இதைத்தானே!

கணக்கு ஆசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒன்று 90 நொடியும் மற்றது 30 நொடியும் எடுத்தால், நேரம் சுமார் 67 சதவீதம் குறைந்தது எனலாம். வேகம் 200 சதவீதம் கூடியது என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. விளம்பரக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அதே மாணவர்களை ஒரு கடிதம் தட்டச்சு செய்யவோ மணற்கேணி காணொலி ஒன்றை ஓட்டவோ சொன்னால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பழைய கணினி திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்று புலம்புகிறோமே, பெரும்பாலும் அது செயலியின் குற்றம் அல்ல; சுழலும் வன்தட்டின் குற்றம். எஸ்.எஸ்.டி. மாற்றினால் அதே ஐ5-2400 ஆளே மாறிப்போகும். ஏற்கெனவே இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாகப் பணம் போட்டு அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் செயலிகள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. பழையதை வைத்திருப்பவர்கள் லினக்ஸுக்கு மாறலாம்; நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது.

விலைப்பட்டியலில் 95 வாட், 60 வாட் என்று போட்டிருந்தால் அதை மின்கட்டணக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். செயலியின் சூட்டை வெளியேற்ற எவ்வளவு குளிர்விப்பு வேண்டும் என்பதற்கான அளவு அது.

கடைசியாக ஒன்று. 12100 என்ற எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் செயலிக்குள் வரைகலைப் பகுதி கிடையாது. தனி அட்டை வாங்கிப் பொருத்தும்வரை திரையில் எதுவும் வராது. விலை சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். பட்டியலில் 'எஃப்' இல்லாத 12100 என்று கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.