இலாபம் எங்கிருந்து வருகிறது?

(மாணவர்களும், வெளிநாட்டில் உழைத்து ஊர் திரும்பியவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முதலீட்டைப் பற்றிப் பேச ஓர் ஆலிமுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக் கொள்வதைப் பற்றியது! அந்த வசனத்தை ஓதுகிற சமுதாயம், சபுராளி பதினைந்து வருடம் பாலையில் வெந்து சேர்த்த பணத்தை, துண்டுக் காகிதம்கூட வாங்காமல் தூக்கிக் கொடுக்கிறது. கேட்டால், "மச்சான் சொன்னார், ஹஜரத்தே போட்டிருக்கிறார்" என்கிறது.

2019 ஜூன் மாதம் பெங்களூரில் என்ன நடந்தது? ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் கதவடைத்தது. புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் 40,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம், விதவைத் தாயின் பணம், வீடு விற்ற பணம்!

இது புதிதா? இல்லை. 1980களில் எகிப்தில், வளைகுடாவில் உழைத்தவர்களின் பணத்தை, இஸ்லாமிய முதலீட்டு நிறுவனங்கள் என்ற பெயரில் பலர் திரட்டினார்கள். ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் இலாபம் என்றார்கள். 1988இல் அரசு சட்டம் போட்டுக் கணக்குக் கேட்டதும், அவற்றில் பெரியதான அர்-ரய்யான் சரிந்தது. அதற்கும் முன்னால், 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீதம் தருவதாகச் சொன்னார். அந்த ஆண்டே பிடிபட்டார். ஊர் வேறு, மொழி வேறு, மதம் வேறு. ஏமாற்றிய முறை ஒன்றுதான்.

அந்த முறையை விளங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் 1 லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். 10 பேர் சேர்ந்து 10 லட்சம் கொடுக்கிறீர்கள். அவர் ஒரு குண்டூசிகூட வாங்கவில்லை, விற்கவில்லை. மாதம் 30,000 ரூபாயை உங்கள் பணத்திலிருந்தே எடுத்து உங்களுக்குத் தருகிறார். எத்தனை மாதம் தர முடியும்? 33 மாதம்! இரண்டே முக்கால் வருடம் தேதி தவறாமல் பணம் வரும். நீங்களே ஊரெல்லாம் போய், "நாணயமான மனிதர்" என்று சாட்சி சொல்வீர்கள். அதைக் கேட்டுப் புதிதாக 20 பேர் வருவார்கள். வருகிறவர் நிற்கும் நாளில் அவர் விமானம் ஏறிவிடுவார். ஆகவே சகோதரர்களே, மாதாமாதம் பணம் வருவது இலாபத்துக்கு ஆதாரம் ஆகாது. வியாபாரக் கணக்குதான் ஆதாரம்.

இன்னொன்றையும் சிந்தித்துப் பாருங்கள். மாதம் 3,000 என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். உண்மையிலேயே அவ்வளவு சம்பாதிக்கத் தெரிந்தவர், இலாபத்தைத் திரும்பத் திரும்பத் தொழிலில் போட்டால் 1 லட்சம் 20 வருடத்தில் 4 கோடியைத் தாண்டும். அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாரா?

"அது வட்டி இல்லை ஹஜரத், முளாரபா" என்பார்கள். சரி, முளாரபா என்றால் என்ன? ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். கிடைக்கும் இலாபத்தில் இவருக்கு இத்தனை பங்கு, அவருக்கு இத்தனை பங்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள். உழைப்பவர் மோசடியோ அலட்சியமோ செய்யாமல் நட்டம் வந்தால், முதல் போட்டவரின் பணம் குறையும். இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் போட்ட பணத்துக்கு மாதம் இவ்வளவு என்று பேசினால் அதற்குப் பெயர் வட்டி. பெயரை அரபியில் மாற்றி வைத்தால் சரக்கு மாறிவிடுமா? தாடியும் தொப்பியும் கணக்குப் புத்தகம் ஆகுமா?

பொருளாதாரப் படிப்பின் முதல் பாடமும் இதையேதான் சொல்கிறது. அதிக இலாபம் எதிர்பார்க்கிற இடத்தில் அதிக ஆபத்தும் இருக்கும். இரண்டையும் பிரிக்க முடியாது. "அதிக இலாபம், ஆபத்தே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் ஆபத்தை மறைக்கிறார் என்று பொருள்.

அதற்காகப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கலாமா? அதிலும் நட்டம் உண்டு. 72ஐ விலைவாசி உயரும் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், 12 வருடத்தில் பொருள்களின் விலை இரட்டிப்பாகும். பெட்டியிலுள்ள நோட்டு அப்படியே இருக்கும். அது வாங்கும் பொருள் பாதியாகிவிடும்.

மாணவர்கள் பங்குச் சந்தையைப் பற்றிக் கேட்கிறார்கள். பங்கு என்பது ஒரு தொழிலில் உங்களுக்குள்ள சிறு உடைமை. தொழில் வளர்ந்தால் வளரும், வீழ்ந்தால் வீழும். எந்தத் தொழில் ஆகும், எந்தக் கடன் வரம்பு ஆகும் என்று மார்க்க அறிஞர்கள் வகுத்த அளவுகோல்படி தேர்ந்தெடுத்த ஷரீஆ குறியீடுகள் தேசியப் பங்குச் சந்தையிலேயே இருக்கின்றன. ஆனால் ஷரீஆ முத்திரை இலாபத்துக்கு உத்தரவாதம் அல்ல. 2008 ஜனவரியில் 21,000 புள்ளியைத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 9,000க்கும் கீழே போனது. அடுத்த வருடம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய பணத்தை அங்கே போட்டவர் கதி என்ன? சில வருடங்களுக்குத் தேவைப்படாத பணம்தான் அங்கே போக வேண்டும்.

அதையும் ஒரே இடத்தில் போடக் கூடாது. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவரே கணக்கு பொய் என்று ஒப்புக்கொண்டார். ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பாகத்துக்கும் மேல் சரிந்தது. 1 லட்சத்தையும் அதில் போட்டவருக்கு 75,000க்கு மேல் போயிற்று. 20 நிறுவனங்களில் 5,000 வீதம் பிரித்துப் போட்டவருக்கு அதில் போனது சுமார் 4,000தான்.

இறுதியாக, யார் பணம் கேட்டு வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். என்ன வியாபாரம்? தணிக்கை செய்த கணக்கு எங்கே? ரிசர்வ் வங்கியிலோ செபியிலோ பதிவு உண்டா? நட்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு? கேள்வி கேட்டால் "ஈமான் இல்லையா?" என்று கோபப்படுகிறாரா? அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்!

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாடு முழுவதற்கும் 2019இன் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். நீங்கள் மௌனமாக இருந்தால், அடுத்த தெருவில் ஒருவர் இன்று பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கைப் பார்க்காமல் எந்த நிறுவனத்துக்கும் பள்ளிவாசல் மேடையைத் தராதீர்கள். நம்மைப் போன்ற ஆலிம்களும் யாருக்கும் தரகு வேலை பார்க்கக் கூடாது. உழைத்த மக்களின் பணம் அமானிதம். அதைப் பாதுகாக்கும் அறிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தருவானாக! வஸ்ஸலாம்.