பெருங் கிராமங்களும் போக்குவரத்தும்

கிராமம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சில குடிசைகளும் ஓர் ஒற்றையடிப் பாதையும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயின் இந்தியாவிலே 20,000 மக்களுக்கு மேல் வாழும் கிராமங்களும் உள்ளன. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில், கங்கையாற்றின் அண்மையில் அமைந்த கஹ்மர் அத்தகையதோர் ஊர். ஆசியாவின் மிகப் பெரிய கிராமம் என்று பலரும் அதனைச் சொல்வதுண்டு.

இத்துணைப் பெரிய ஊர் நகரமாக எண்ணப்படாதது ஏன்? நகரசபை முதலிய அமைப்பு இல்லாத ஓர் ஊரை நகரமெனக் கொள்வதற்கு இந்தியக் குடிசன மதிப்பு மூன்று விதிகளை வகுத்துள்ளது. மக்கள் தொகை 5,000க்குக் குறையாதிருத்தல் வேண்டும். சதுர கிலோமீற்றர் ஒன்றில் 400 பேராவது வாழ்தல் வேண்டும். முழுநேரத் தொழில் புரியும் ஆண்களுள் நூற்றுக்கு 75 பேராவது பயிர்த்தொழில் அல்லாத வேலையில் ஈடுபட்டிருத்தல் வேண்டும். முதலிரண்டு விதிகளுக்கும் பொருந்திய பேரூர்கள் பல, மூன்றாம் விதியினாற் கிராமங்களாகவே நிற்கின்றன.

கஹ்மருக்கு ஒரு நற்பேறு உண்டு. ஹௌராவையும் தில்லியையும் இணைக்கும் முதன்மைப் புகையிரதப் பாதையில், ஊரின் பெயரையே தாங்கிய நிலையம் அமைந்துள்ளது. தலைமுறை தலைமுறையாகப் படையிற் சேர்வோரைக் கொண்ட ஊர் அது. முதலாம் உலகப் போருக்கு அங்கிருந்து 228 பேர் சென்றனர். அவருள் 21 பேர் உயிர் துறந்தனர். தொலைவிலுள்ள பாசறைக்கும் பிறந்த வீட்டுக்கும் இடையே வந்துபோவோர்க்குப் புகையிரதம் எத்துணை உதவி என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வாய்ப்பு எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறக்குறைய 6 இலட்சம் கிராமங்களில் 83 கோடி மக்கள் வாழ்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர்க்கு வீதியே கதி. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் தொடங்கிய பிரதம மந்திரியின் கிராம வீதித் திட்டம், சமவெளியில் 500 பேரும், மலைநாடு, பாலைநிலம் முதலிய இடங்களில் 250 பேரும் உள்ள குடியிருப்புகளுக்கு எக்காலத்தும் பயன்படும் வீதி அமைக்க முற்பட்டது. ஆயிரவர் வாழும் இடங்களுக்கே முதலிடம் தரப்பட்டது. மக்கள் தொகையே வீதியைப் பெற்றுத் தந்தது எனலாம்.

எனினும் வீதி வந்தமை வேறு; மக்கள் போய்வர இயலுதல் வேறு. குடிசன மதிப்பின் கிராம விவரப் பட்டியலில், பஸ் சேவையோ புகையிரத நிலையமோ ஊரில் இல்லையாயின் ஏ, பீ, சீ என்னும் எழுத்துகளுள் ஒன்று குறிக்கப்படும். ஏ எனில் 5 கிலோமீற்றருக்குக் குறைவு. பீ எனில் 5 முதல் 10 வரை. சீ எனில் அதற்கும் அப்பால். அந்த ஓரெழுத்து, பஸ் நாளைக்கு எத்தனை முறை வருகிறது என்று சொல்லாது. மாரிகாலத்தில் வழி நீரில் மூழ்குமா என்றும் சொல்லாது. பேரூரின் நடுவே நிலையம் இருப்பினும், ஊரெல்லையிலுள்ள சேரிக்கு அது எட்டாத தொலைவாகலாம்.

குறுகிய தொலைவும் வாழ்வை மாற்றவல்லது என்பதற்குக் கஹ்மரின் கிழக்கே உள்ள பீகார் மாநிலம் சான்று. ஒன்பதாம் வகுப்பிற் சேரும் பெண்பிள்ளைகளுக்குத் துவிச்சக்கர வண்டி வழங்கும் திட்டம் அங்கு 2006இல் தொடங்கிற்று. அதனால் உரிய வயதில் உயர்நிலைப் பாடசாலை சேர்ந்த பெண்கள் நூற்றுக்கு 32 வீதம் பெருகினர் என 2017இல் வெளியான ஆய்வொன்று கண்டது. பாடசாலைக்கு 3 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள கிராமங்களிலேதான் இப்பெருக்கம் பெரிதும் காணப்பட்டது. பட்டியலில் வெறும் ஏ என்று குறிக்கப்படக்கூடிய தொலைவே அது. ஆதலின் ஒரு கிராமத்தின் போக்குவரத்தை அளக்கப் புகுவோர், பாடசாலைக்குப் போகும் சிறுமியும் வைத்தியசாலைக்குப் போகும் கருவுற்ற தாயும் உரிய வேளையிற் போய்ச் சேர்கின்றனரா என்பதையே முதலிற் கேட்டறிதல் வேண்டும்.