திறந்த கைபேசியும் மறைந்த பழுதும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷன் அளவே பயின்ற இரயில்வே குமாஸ்தா ஒருவன் விஞ்ஞானம் பேச எழுந்தது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், சென்ற ஆண்டு விழாவில் நம் குழந்தைகள் நடித்த நாடகத்தின் படங்கள் இம்மலரில் ஏன் இல்லை என்று வினவுவோர்க்கு விடை கூறும் கடமை எனக்குண்டு. அப்படங்கள் யாவும் என் கைபேசியில் இருந்தன. ஒருநாள் காலை அது கண் விழிக்கவில்லை. பழுது பார்க்குமிடத்தில், "உட்பலகையையே மாற்ற வேண்டும், படங்கள் போய்விடும்" என்றனர். எந்த உறுப்பில் பழுது என்று கேட்டேன். அறிவதற்குரிய மின்சுற்றுப் படம் தங்களிடமே இல்லை என்றனர்.

நம் நிலையத்தில் சிக்னல் கெட்டால், அதனைப் பேணும் ஊழியர் மின்சுற்றுப் படத்தை விரித்துப் பார்த்தன்றோ கை வைக்கிறார்? சட்டைப் பையில் அடங்கும் கருவிக்கு அப்படம் ஏன் மறைக்கப்பட வேண்டும்? பொறியியல் பயிலும் என் தமக்கை மகனிடம் இதைக் கேட்டேன். அவன் வாயிலாகத்தான் ஓப்பன்மோக்கோ என்னும் முயற்சியை அறிந்தேன்.

தைவான் நாட்டு எப்.ஐ.சி. நிறுவனத்தார் 2006-இல் இதனை அறிவித்து, 2007-இல் 'நியோ 1973' என்னும் கைபேசியை வெளியிட்டனர். 1973-இல் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் வீதியில் நின்று முதல் கைபேசி அழைப்பை விடுத்தார். அதன் நினைவாகவே அப்பெயர். லினக்ஸ் மென்பொருளில் இயங்கிய அக்கைபேசியுடன் இணைக்கத்தக்க சோதனைப் பலகை ஒன்றையும் தந்தனர். முற்காலத்தில் வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே வெடிப்பைக் கண்டனர் அல்லவா? அதனினும் நுண்ணியது இது. அப்பலகை வழியே, கைபேசி தான் செய்வதை வரிவரியாகக் கணினித் திரையில் எழுதிக்காட்டும். 'ஜேடாக்' என்னும் முறையால், ஓடும் செயலியை நடுவழியில் நிறுத்தி, எந்தக் கட்டளையில் நிற்கிறது என்றும் பார்க்கலாம்.

2008-இல் வந்த 'ப்ரீரன்னர்' குறைகள் நிறைந்ததே. அதை யான் மறைக்கப் போவதில்லை. பேசும்போது எதிர்முனையிலிருப்பவர் காதில் வண்டு முரல்வதுபோல் இரைச்சல் கேட்டது. ஜி.எஸ்.எம். கைபேசி இடைவிடாது அலையனுப்புவதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அனுப்புகிறது. அத்துடிப்பு ஒலிவாங்கியின் கம்பியிற் புகுந்ததே காரணம். சுற்றுப்படம் வெளியிடப்பட்டிருந்தமையால் அன்பர்கள் காரணத்தைக் கண்டனர். சில ஊர்களில் ஒன்றுகூடி, ஒருவர் கருவியை ஒருவர் பற்றவைத்துச் சீர்செய்தனராம். நம் காலனியில் தையல் இயந்திரத்தைச் சூழ்ந்து நிற்பது நினைவுக்கு வருகிறது!

துணைக்கோள் வழியே இடமறியும் பகுதியும் தாமதித்தது. நினைவட்டைக்குச் செல்லும் கடிகாரத் துடிப்பு, வானிலிருந்து வரும் மெலிந்த அலையைக் குழப்பிற்று. 10 பிக்கோபாரட் மின்தேக்கி ஒன்று அதனை அடக்கிற்று. பற்றவைக்கத் தெரியாதவர்க்கோ, நினைவட்டை சும்மா இருக்கையில் துடிப்பை நிறுத்தும் மென்பொருள் கிட்டிற்று.

ஆனால் ஓர் அறை மட்டும் பூட்டியே கிடந்தது. தொலைபேசி நிலையத்தோடு தொடர்பு கொள்ளும் கலிப்சோ என்னும் மோடத்தின் மென்பொருள் பொதுவில் வெளியிடப்படவில்லை. அது ஆழ்ந்து உறங்கும்போது தொடர்பை இழப்பதும் மீண்டும் பற்றுவதுமாய் மின்கலத்தை வீணாக்கிற்று. வெளியிலிருந்த ஒரு மின்தேக்கியைப் பெரிதாக மாற்றி நிவாரணம் கண்டனர். பயனர்களுக்கு உள்ளே நோக்க வழியில்லை. வீட்டைத் திறந்து வைத்தும் அடுக்களையைப் பூட்டிய கதைதான்.

2009-இல் அந்நிறுவனம் அடுத்த கைபேசி முயற்சியைக் கைவிட்டது. எனினும் 2020-இல் வந்த பைன்போனுக்கும் சுற்றுப்படம் பொதுவில் உண்டு. பின்மூடியைக் கழற்றிச் சிறு விசை ஒன்றைத் தள்ளினால், பாட்டுக் கேட்கும் துளையே சோதனை வாயிலாகிவிடுகிறது.

என் கைபேசி மேசை இழுப்பறையில் உறங்குகிறது. படம் கிடைத்தால் திறந்து பார்ப்பதாக மருமகன் கூறியுள்ளான். அதுவரை, நாடகத்தைப் படமெடுத்த அன்பர் எவரேனும் இங்கிருப்பின், செயலாளரிடம் ஒரு பிரதி கொடுத்துதவ வேண்டுகிறேன். ராணி வேடமிட்ட சிறுமி என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறாள்.