கூடி வாங்குதலும் கூடிக் காத்தலும்



பழனி மலையைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பேகனிடம் வந்து சேரும். வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலொன்று குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பது தமிழுலகம் நன்கறிந்த செய்தி. போர்வை மயிலிடம் சென்றபின் பேகனிடம் இல்லை. கொடையின் இலக்கணம் அது. ஒருவரிடமிருந்து நீங்கிய பொருளே மற்றொருவரைச் சென்றடையும்.

அறிவின் இயல்பு இதனின் வேறானது. ஒரு கட்டுரையை ஒருவர் படித்தமையால் அது மற்றவர்க்குக் குறைவதில்லை. ஆயினும் அச்சிட்ட இதழ் போர்வையைப் போன்றதே. ஓர் அலமாரியில் இருக்கும் படி அதே வேளையில் மற்றோர் அலமாரியில் இராது. மின்னிதழின் வரவால் இந்தத் தடை நீங்கிற்று. ஒரே கட்டுரையை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம். அதற்காக நூலகங்கள் பல ஒன்றுகூடிச் சந்தா செலுத்தும் முறையே நூலகக் கூட்டமைப்பு எனப்படுவது. அந்த முறையால் விளைந்த நன்மையையும், அது தீர்க்காமல் விட்ட குறையையும் கோடை மலையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

மலைமேல் ஒரு நிலையம்

சென்னையில் 1792ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வானாய்வு நிலையத்தின் பணி, 1899ஆம் ஆண்டில் கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், தூய வானத்தின் கீழ்ச் சூரியனை ஆராய்வதற்கென அமைந்த நிலையம் அது. ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் அங்கே பணியாற்றியபோது, சூரியப் புள்ளிகளில் வளிமம் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவர் பெயராலேயே இன்றும் அது எவர்ஷெட் விளைவு என வழங்கப்படுகிறது. அந்தக் கண்டுபிடிப்பு, கோடைக்கானல் நிலையம் தானே வெளியிட்டுவந்த அறிக்கை இதழில் அச்சேறியது என்பது இங்குக் கருதத்தக்கது.

அக்காலத்து வானாய்வு நிலையங்கள் தத்தம் அறிக்கைகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் வழக்கம் உடையவை. ஒரு நிலையம் தன் அறிக்கையை அனுப்பும். பிற நிலையங்கள் தம்முடையவற்றை அனுப்பும். மலையேறி வந்த அஞ்சற் பொதிகளால் நூலக அலமாரி நிறைந்தது. விலை பேசுவோர் இடையில் இல்லை. எழுதியவரே வெளியிட்டார், வெளியிட்டவரே பகிர்ந்தார், பெற்றவர் தம்மிடமே வைத்துக் காத்தார். சிற்றிதழ் நடத்துவோர் தமக்குள் மாற்றிதழ் அனுப்பிக்கொள்ளும் வழக்கத்தை அறிந்த இவ்வட்டத்தார்க்கு இம்முறை புதிதன்று.

விலையேற்றமும் கூட்டமைப்பும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலை மாறியது. ஆய்விதழ் வெளியீடு பெரும் வணிகமாக வளர்ந்தது. ஆய்வாளர் கட்டுரையை ஊதியமின்றி எழுதித் தருகிறார். மற்றோர் ஆய்வாளர் ஊதியமின்றி அதனை மதிப்பிடுகிறார். அவ்விருவருக்கும் சம்பளம் தரும் பல்கலைக்கழகமே, அச்சாகி வந்த கட்டுரையை விலை கொடுத்து வாங்குகிறது. விலையோ ஆண்டுதோறும் ஏறியது. 1991ஆம் ஆண்டு ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது, வெளிநாட்டு நாணயத்தில் சந்தா செலுத்திவந்த இந்திய நூலகங்களின் சுமை மேலும் கூடியது. ஓர் இதழை நிறுத்தினால்தான் மற்றோர் இதழைத் தொடரலாம் என்ற நிலைக்கு நூலகர்கள் தள்ளப்பட்டனர்.

இந்நெருக்கடிக்கு வானியல் நூலகங்கள் முன்னரே ஒரு வழி கண்டிருந்தன. கோடைக்கானல் நிலையம் 1971ஆம் ஆண்டு முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஓர் உறுப்பாகும். அந்நிறுவனமும், இராமன் ஆய்வு நிறுவனம் முதலான வேறு சில ஆய்வு நிறுவனங்களும் 1980களின் தொடக்கத்தில், வானியல் நூல்வளங்களைப் பகிர்ந்துகொள்வதற்கென ‘ஃபோர்சா’ என்னும் மன்றத்தைத் தோற்றுவித்தன. எந்த நூலகத்தில் எந்த இதழ் உள்ளது என்று ஒன்று மற்றொன்றுக்கு அறிவித்தது. இல்லாத கட்டுரைக்கு ஒளிநகல் எடுத்து அனுப்பியது. மின்னிதழ் வந்தபின் அம்மன்றமே கூட்டாகச் சந்தா பேசும் அமைப்பாக வளர்ந்தது. கூட்டுப் பட்டியலும் ஒளிநகலும் கொண்டு எளிமையாகத் தொடங்கிய நட்பு அது.

பின்னர் நாட்டளவிலும் இம்முறை பரவியது. 2003ஆம் ஆண்டு தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கென ‘இண்டெஸ்ட்’ கூட்டமைப்பு உருவாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘இன்ஃபோநெட்’ மின்னிதழ்த் திட்டத்தைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். 2010ஆம் ஆண்டு கல்லூரிகளுக்கென ‘என்-லிஸ்ட்’ வந்தது. இம்மூன்றும் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் ‘இ-சோத்சிந்து’ என ஒன்றாயின. 2024ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ‘ஒரு நாடு ஒரு சந்தா’ என்னும் திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், ஏறத்தாழ 1.8 கோடி மாணவரும் ஆசிரியரும் ஆய்வாளரும் என்பது அதன் அளவு. வகுத்துப் பார்த்தால் ஆண்டொன்றுக்குத் தலைக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய் ஆகிறது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் தளங்களில் ஒரே ஒரு கட்டுரைக்குக் கேட்கப்படும் விலை பல வேளைகளில் இதனினும் மிகுதி.

இதன் பயனைக் குறைத்துக் கூறுவது முறையன்று. கோடைக்கானலில் 1984ஆம் ஆண்டு தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகமாதலின் இத்திட்டத்தின் வரம்புக்குள் வருவது. பேருந்தேறி மதுரைக்கோ சென்னைக்கோ சென்று ஒரு கட்டுரையைத் தேடவேண்டிய நிலையில் இருந்த மலைநாட்டு மாணவி, தில்லி மாணவர் திறக்கும் அதே பக்கத்தைத் திறக்கலாம். சமநிலை என்று மேடையில் முழங்குவது எளிது. நூலகத்துறையில் அது செயலாகியிருப்பது பெரிதும் கூட்டமைப்பினாலேயாம்.

உடைமையும் வாடகையும்

இனிக் குறையைக் காண்போம். அச்சிதழுக்குச் சந்தா கட்டிய நூலகம், அடுத்த ஆண்டு சந்தாவை நிறுத்திவிட்டாலும், வாங்கிய இதழ்கள் அலமாரியில் இருக்கும். மின்னிதழ் அத்தகையதன்று. அங்கே வாங்கப்படுவது படிக்கும் உரிமம், இதழன்று. பழைய இதழ்கள் என்றும் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் தனியே எழுதப்படாவிடின், சந்தா நின்ற நாளில் கதவு மூடிக்கொள்ளும். சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. ஒருவர்க்கொருவர் படியனுப்பிக்கொள்ளும் பழைய உரிமைகூட உரிமத்தின் சொற்களுக்கு உட்பட்டதாகிவிட்டது.

கூடி நிற்பதன் வலிமை வாங்குவதில் மட்டும் அடங்குவதன்று. கூடி மறுப்பதிலும் அது உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2019ஆம் ஆண்டு எல்செவியர் பதிப்பகத்துடன் பேச்சு முறிந்து ஒப்பந்தத்தைக் கைவிட்டது. அதன் வளாகங்கள் அனைத்தும் சேர்ந்து நின்றன. 2021ஆம் ஆண்டு புதிய ஒப்பந்தம் ஏற்பட்டபோது, அப்பல்கலைக்கழகத்தார் எழுதும் கட்டுரைகளை உலகோர் யாவரும் கட்டணமின்றிப் படிப்பதற்கு வழி பிறந்தது. தனியொரு நூலகம் மறுத்திருந்தால் அதன் வாசகர்கள் மட்டுமே துன்புற்றிருப்பர்.

காப்பதிலும் கூட்டு வேண்டும் என்பதற்குக் கோடைக்கானல் நிலையமே சான்று. 1904ஆம் ஆண்டு முதல் அங்கே எடுக்கப்பட்டுவரும் சூரியப் படங்கள் நூறாண்டைக் கடந்த வரிசையாக உள்ளன. அவை நிலையத்தின் உடைமை. எனவே அவற்றை மின்வடிவாக்கி உலக ஆய்வாளர்க்குத் திறந்துவைக்க முடிந்தது. யாருடைய இசைவையும் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. கையில் இருக்கும் பொருளையே பிறர்க்கு வழங்க இயலும். வாடகைக்கு எடுத்த போர்வையைப் பேகனாலும் மயிலுக்கு ஈந்திருக்க முடியாது.

வாயிலுக்கு வெளியே நிற்போர்

கூட்டமைப்பின் கதவு உறுப்பு நிறுவனத்தாருக்கே திறக்கும். ‘ஒரு நாடு’ என்று பெயர் கொண்ட திட்டத்தின் முதற்கட்டமும் அரசு நிருவாகத்தில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கும் நடுவண் அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. இந்த மலையின் அறிவு வரலாறோ பெரிதும் அத்தகைய நிறுவனங்களுக்கு வெளியே வளர்ந்தது. செண்பகனூரில் இயேசு சபையார் 1895ஆம் ஆண்டு நிறுவிய திருஇருதயக் கல்லூரியைச் சூழ்ந்து செடிகொடிகளின் ஆராய்ச்சி செழித்தது. 1999ஆம் ஆண்டு வெளிவந்த பழனி மலைத் தாவர நூலை ஆக்கிய மேத்யூ அடிகளாரும் அச்சபையைச் சேர்ந்தவரே.

இன்று பேத்துப்பாறையிலோ பூம்பாறையிலோ வாழும் ஓர் ஆர்வலர், 2018ஆம் ஆண்டு பூத்த குறிஞ்சி 2030ஆம் ஆண்டு மீண்டும் பூப்பதற்குள் அதைப்பற்றிய ஆய்வுகளைப் படிக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் பணியில் இல்லாதவர்; மாணவரும் அல்லர். அவருடைய மலையைப் பற்றியே எழுதப்பட்ட கட்டுரை அவருக்குப் பூட்டிக் கிடக்கிறது. ஓய்வுபெற்ற பேராசிரியர், தனிநிலை ஆய்வாளர், கவிஞர், இதழாசிரியர் ஆகிய அனைவரின் நிலையும் இதுவே. இந்த அவையில் அமர்ந்திருப்போருள் பலர் அவ்வகையினர். நூலகத்துக்கு நேரில் வரும் வெளி வாசகர் அங்குள்ள கணிப்பொறியில் படிக்கலாம் என்னும் விதி சில ஒப்பந்தங்களில் உண்டு. அவ்விதியை எல்லா ஒப்பந்தங்களிலும் கேட்டுப் பெறுவதும், பெற்றதை வாயிலில் எழுதி வைப்பதும் நூலகத்தாரின் கடமையாகும்.

தமிழிதழ்களின் நிலை

கோடிகளில் பேசப்படும் இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களால் ஆனவை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ போன்ற ஆய்விதழ்களையும், எண்ணிறந்த சிற்றிதழ்களையும் வாங்கித்தரப் பதிப்பகப் பேரங்கள் உதவா. இது குறையாகத் தோன்றினும் இதனுள் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. தமிழிதழ்களைப் பூட்டி வைத்து விலை கேட்கும் பெருவணிகர் இன்னும் தோன்றவில்லை. அவற்றுக்குப் பகை கறையானும் மறதியுமே.

இப்பகையை வென்றோரும் உளர். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் தொகுத்த நூல்களும் இதழ்களும், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் 1994ஆம் ஆண்டு சென்னையில் ஆய்வு நூலகமாயின. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட ஈழத் தமிழுலகில், 2005ஆம் ஆண்டு தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி யாவர்க்கும் திறந்து வைத்துள்ளது. எரிந்த அலமாரி தந்த படிப்பினை இதுவே: ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒருநாள் எங்கும் இல்லாமற் போகும்.

பேகனின் செய்தியும் பல படிகள் இருந்தமையாலேயே கிடைத்தது. உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தபோது, வெவ்வேறிடங்களில் கிடைத்த ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஓர் ஏட்டில் சிதைந்த சொல் மற்றோர் ஏட்டில் பிழைத்திருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1999ஆம் ஆண்டு மின்னிதழ்களைக் காக்கத் தொடங்கப்பட்ட ‘லாக்ஸ்’ என்னும் திட்டத்தின் பெயர்ப்பொருளே, நிறையப் படிகள் இருந்தால் பொருள் காக்கப்படும் என்பதுதான். ஏடெழுதியோர் அறிந்திருந்த உண்மையைக் கணிப்பொறி அறிஞர் மீண்டும் கண்டனர்.

செய்யத்தக்கன

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டம் ஆற்றக்கூடிய பணி இங்கே தெளிவாகிறது. ஃபோர்சா தொடங்கியவாறே கூட்டுப் பட்டியலிலிருந்து தொடங்கலாம். உறுப்பினர் இல்லங்களில் எந்தச் சிற்றிதழின் எந்த எண்கள் உள்ளன என்று முதலிற் குறிக்கவேண்டும். அதன்பின் பிற ஊர்களின் வட்டங்களோடு பங்கிட்டு, ஒவ்வொரு வட்டமும் சில இதழ்களின் முழு வரிசையைக் காக்கும் பொறுப்பை ஏற்கவேண்டும். இதழாசிரியரின் எழுத்திசைவு பெற்று மின்படி எடுத்து, குறைந்தது மூன்று ஊர்களில் வைக்கவேண்டும். மின்படி வெறும் படமாக நின்றுவிடாமல், சொல்லைத் தேடிக் காணத்தக்க ஒருங்குறி எழுத்திலும் அமைதல் நன்று. இந்த ஆண்டு மலரே அந்த வரிசையின் முதற்படியாக அமையலாம்.

இப்பணிக்கு ஆயிரங்கோடி வேண்டா. ஒப்பந்தப் பேரமும் வேண்டா. மாதம் ஒருநாள் கூடும் பழக்கமும், பழைய இதழை எடைக்குப் போடாத மனமும், பட்டியல் எழுதும் ஒரு கையும் போதும். பெருநூலகங்கள் கூடி வாங்கக் கற்றுக்கொண்டன, விலை குறைந்தது, மலைமேலும் கதவு திறந்தது. சிறுவட்டங்கள் கூடிக் காக்கக் கற்றுக்கொண்டால், சந்தா முடிந்தாலும் மூடாத கதவொன்று தமிழுக்கு அமையும்.